படகுக்கு மரியாதை, பருந்துக்கு வேலை

ஊர் என்று ஒன்று இருந்தால் அதில் புத்திசாலி ஒருத்தராவது இருப்பார் என்பார்கள். முக்கால்குறிச்சிக்காரர்கள் அந்த ஒருத்தரையும் வேண்டாம் என்று வைத்துவிட்டவர்கள். ஒருவர் மட்டும் புத்திசாலியாக இருந்தால் மற்றவர்கள் மனசு வருத்தப்படாதா?

மற்றபடி நல்ல ஊர். "கொஞ்சம் தண்ணி கொடுங்க" என்று கேட்டால் கொடுப்பார்கள், கொஞ்சம்தான் கொடுப்பார்கள். "ஒரு நிமிஷம் இருங்க, வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டு நீங்கள் உள்ளே போனால், ஒரு நிமிஷம் இருந்துவிட்டுப் போய்விடுவார்கள். அதிலும் எழுத்தில் வந்துவிட்டால் போதும், அட்சரம் பிசகாது. பஸ்ஸில் 'படியில் நிற்காதே' என்று எழுதியிருக்கிறது. படியில் நிற்காமல் உள்ளே ஏறுவது எப்படி என்று அவர்களுக்குப் பிடிபடவில்லை. அதனால் பின்பக்க ஏணி வழியாகக் கூரைமேல் ஏறி உட்கார்ந்து பயணம் போனார்கள். கூரையில் உட்காராதே என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

அப்பேர்ப்பட்ட ஊரில் பதினோரு வருஷமாக அம்மன் கொடை, அதாவது கோயிலின் ஆடித் திருவிழா, நடக்கவில்லை.

காரணம் பரிவட்டம். சாமிக்குச் சாத்திய துணியைத் தலையில் கட்டிவிடுவார்களே, அது. யார் தலையில் அது முதலில் ஏறுகிறதோ அவர்தான் அந்த வருஷத்துக்கு ஊரில் பெரியவர். கீழத்தெருவுக்குத் தலைவர் இசக்கியப்பன். மேலத்தெருவுக்குத் தளவாய். பதினோரு வருஷத்துக்கு முந்தைய கொடையில் பூசாரி பரிவட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் பார்த்தார், இசக்கியப்பன் தலையை நீட்டினார். அந்தப் பக்கம் பார்த்தார், தளவாய் தலையை நீட்டினார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், இந்தப் பக்கம். கடைசியில் பூசாரிக்குக் கழுத்து சுளுக்கிக்கொண்டது. கொடை நின்றது. அன்றிலிருந்து பூசாரி மேலத்தெருவைப் பார்த்தபடியேதான் நடந்தார். அதையே தங்களுக்குக் கிடைத்த மரியாதை என்று மேலத்தெருக்காரர்கள் சொல்லிக்கொண்டது தனி வழக்கு.

இதில் மாட்டிக்கொண்டவன் உச்சிமாகாளி. அன்றைக்குப் பத்தொன்பது வயசு. மொட்டை போடுவதாக நேர்ந்துகொண்டு, சலூன் மாரிக்கனிக்கு முன்னால் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். கொடை நின்றதும் எழுந்து நின்று அம்மன் முன்னால் கையை உயர்த்திச் சொல்லிவிட்டான்: "கொடை நடந்தாத்தான் என்மேல கத்தி படும்!"

அம்மன் கேட்டுக்கொண்டாள். பதினோரு வருஷத்தில் தாடி இடுப்பைத் தொட்டது. மீசை எங்கே முடிந்து தாடி எங்கே தொடங்குகிறது என்பது அவனுக்கே தெரியாது. தூங்கினால் கோழிகள் சுற்றிவந்து யோசனையோடு பார்க்கும்.

போன பங்குனியில் பக்கத்து ஊரில் பெண் பார்க்கப் போனார்கள். பெண் பெயர் தங்கபுஷ்பம். காப்பித் தட்டோடு வந்தவள் உச்சிமாகாளியை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தன் அம்மாவிடம் கேட்டாள்.

"மாப்பிள்ளை வரலையாம்மா?"

"இந்தா உக்காந்திருக்காரு பாரு."

"எங்க?"

"அதுக்குப் பின்னால."

தங்கபுஷ்பம் காப்பியை வைத்தாள். "ஆடிக்குள்ள முகத்தைக் காட்டச் சொல்லுங்க. பாத்துப் பிடிச்சா ஆவணியில கல்யாணம். இல்லன்னா எங்க அத்தை மகன் இருக்கான். அவனுக்கு மூஞ்சி நல்லா இல்ல, ஆனா இருக்கு."

உச்சிமாகாளி ஊருக்கு ஓடிவந்து இசக்கியப்பன் காலில் ஒருமுறையும் தளவாய் காலில் ஒருமுறையும் விழுந்தான். முதலில் யார் காலில் விழுந்தான் என்பதில் ஒரு சண்டை கிளம்பியது. ஆனாலும் தாடியை நனைத்துக்கொண்டு அவன் அழுத அழுகை இரண்டு பேரையும் இளக்கிவிட்டது. இனிமேல் பரிவட்டம் யாருக்கும் முன்னே பின்னே கிடையாது, பதினாறு முழத்தில் ஒரே துணியை வாங்கி இரண்டு தலையையும் சேர்த்து ஒரே கட்டாகக் கட்டிவிடுவது என்று முடிவானது. துணியும் வந்து சேர்ந்தது.

அனுமதி கேட்கத் தாலுகா ஆபீசுக்குப் போனார்கள். அங்கிருந்தவர் தலையைத் தூக்காமலே சொன்னார்: "எல்லாம் ஆன்லைன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள போட்டுடுங்க. அஞ்சு தாண்டினா அடுத்த ஆடிதான்."

*

முக்கால்குறிச்சி நூலகத்தில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதை இயக்குகிறவள் ஞானசெல்வி. டைப்ரைட்டிங் லோயர் பாஸ். காதில் விழுந்ததை அப்படியே அடிப்பாள், ஒரு எழுத்து கூடாது குறையாது. தும்மினால் தும்மலையும் அடிப்பாள்.

திங்கட்கிழமை காலையில் அம்மன் பெயரைச் சொல்லி உட்கார்ந்தாள். எட்டு வருஷமாக அந்தக் கம்ப்யூட்டரில் ஒரே ஒரு பிரவுசர்தான். படகுப் படம் போட்டது. படகை அழுத்தினாள். விண்ணப்பப் பக்கத்தின் முகவரியை அடித்தாள். திரை வெளுத்தது. நடுவில் ஒரு வட்டம் சுற்றியது. வட்டத்துக்குக் கீழே எழுத்து வந்தது: 'தயவுசெய்து காத்திருக்கவும்.'

எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

மத்தியானம் ஆனது. வட்டம் சுற்றியது.

"எம்புட்டு நேரம்னு போட்டிருக்காம்மா?" என்றார் இசக்கியப்பன்.

"போடல மாமா."

"அப்ப அது முடியிற வரைக்கும் காத்திருக்கணும்."

"நாம காத்திருக்கிறது அதுக்குத் தெரியுமா சித்தப்பா?" என்று உச்சிமாகாளி தளவாயைக் கேட்டான்.

தளவாய் அவனை வருத்தத்தோடு பார்த்தார். "ஏலே, நாப்பது வருசமா ஆபீஸ் ஆபீசா ஏறி இறங்குதேன். 'போவே', 'அப்புறம் வாவே' இதுதான் என் காதுல விழுந்திருக்கு. தயவுசெய்துன்னு நம்மகிட்ட ஒருத்தன் கேக்கிறது இதுதான் முதல் தடவை. அதை மீறி எந்திரிச்சா நாம மனுசங்களா?"

எந்திரிக்கவில்லை. முறை போட்டுக் காத்திருந்தார்கள். திங்கள் போனது, செவ்வாய் போனது. வட்டம் ஒரு சுற்றுகூட ஓய்வெடுக்காமல் சுற்றியது. "உழைப்பாளி," என்று இசக்கியப்பன் பெருமைப்பட்டார்.

புதன்கிழமை உச்சிமாகாளிக்குப் பொறுக்கவில்லை. டவுனில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் பால்துரைக்குப் போன் போட்டான். ஸ்பீக்கரில் வைத்தார்கள்.

"அண்ணாச்சி, அது ரொம்பப் பழைய பிரவுசர்," என்றான் பால்துரை. "இப்ப உள்ள பக்கமெல்லாம் அதுல தொறக்காது. வேற மாத்துங்க. பருந்துன்னு ஒண்ணு வந்திருக்கு, நல்லா ஓடும்."

"பிரவுசர்னா என்னய்யா அது?" என்றார் தளவாய்.

"அதுவா? உங்களை இன்டர்நெட்டுக்குள்ள கூட்டிட்டுப் போற ஆளுன்னு வச்சுக்கோங்களேன்."

ஆள் என்று சொன்னதுதான் வம்பாகப் போய்விட்டது.

இசக்கியப்பன் எழுந்து நின்றார். "எட்டு வருசம் வேலை பாத்த ஆளை இன்னிக்கு நடக்க முடியலன்னு வெளிய அனுப்பச் சொல்லுதியா? உங்க ஊர்ல வேணா அது நடக்கும்."

"அனுப்ப வேண்டாம் அண்ணாச்சி. அது பாட்டுக்கு ஒரு ஓரமா கெடக்கட்டும். புதுசைப் பக்கத்துல போட்டுக்கோங்க."

இது நியாயமாகப் பட்டது. ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்துப் படகுக்குக் காட்டி, கோபித்துக்கொள்ள வேண்டாம், துணைக்கு ஒரு ஆள் வருகிறது, அவ்வளவுதான் என்று சொன்னார்கள். பால்துரை சொல்லச் சொல்ல ஞானசெல்வி அழுத்த, பருந்து வந்து இறங்கியது.

வந்ததும் அது கேட்ட முதல் கேள்வி: 'பழைய பிரவுசரில் உள்ள புக்மார்க்குகளை எடுத்துக்கொள்ளட்டுமா?'

"குடி வந்தவன் வீட்டைச் சுத்திப் பாக்குமுன்ன பக்கத்து வீட்டுப் பரணைக் கேக்கிறான் பாரு," என்றார் இசக்கியப்பன்.

படகில் மொத்தம் மூன்று புக்மார்க் இருந்தது. பேச்சுவார்த்தை நடத்தி ஆளுக்கு ஒன்றரை என்று பிரித்தார்கள். மழை நிலவரம் படகுக்கு. பரீட்சை முடிவு பருந்துக்கு. ஆட்டுச்சந்தைப் பக்கத்தைப் பாதியாகப் பிரிக்க முடியாததால் அழித்தார்கள்.

அடுத்து பருந்து இரண்டாவது கேள்வியைக் கேட்டது.

'என்னை உங்கள் முதன்மை பிரவுசராக ஏற்றுக்கொள்கிறீர்களா?'

"முதன்மைன்னா?" என்றார் தளவாய்.

"எதைத் தொட்டாலும் முதல்ல அதுதான் வரும் சித்தப்பா," என்றாள் ஞானசெல்வி. "மத்தது பின்னாலதான்."

இசக்கியப்பன் தோளில் கிடந்த துண்டை உதறினார். "வந்து பத்து நிமிசம் ஆகல. பரிவட்டம் கேக்கு!"

"கேட்டா என்ன வே?" என்றார் தளவாய். "வேலை பாக்கிறவன் கேக்கத்தான் செய்வான். மூணு நாளா வட்டம் சுத்தினவனுக்கா கொடுப்பாக?"

"ஆம்" என்பதைத் தளவாயே அழுத்திவிட்டார். இசக்கியப்பன் பதறிப்போய்ப் படகைத் திறக்கச் சொன்னார். படகு திறந்ததும் எழுத்து வந்தது: 'நான் இப்போது உங்கள் முதன்மை பிரவுசராக இல்லை. மீண்டும் ஆக்குகிறீர்களா?'

"பாத்தியளா," என்றார் இசக்கியப்பன், துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அழுவுது."

கீழத்தெரு முழுக்கப் படகின் பக்கம் சேர்ந்தது. மேலத்தெரு பருந்தின் பக்கம். அதுவரைக்கும் கம்ப்யூட்டரைக் கண்ணால் கண்டிராத ஆட்கள்கூட எதிர்த்தெருக்காரனிடம் டீ வாங்கிக் குடிக்க மாட்டேன் என்றார்கள். பதினாறு முழத் துணி விஷயமும் முறிந்தது. "படகை மதிக்காதவன் தலையோட என் தலையைச் சேத்துக் கட்ட மாட்டேன்," என்று இசக்கியப்பன் அறிவித்தார்.

"மாமா, வெள்ளிக்கிழமை அஞ்சு மணி, மாமா!" என்று உச்சிமாகாளி தாடியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினான்.

அவன் முகத்துக்காக, அதாவது முகம் இருக்கும் இடத்துக்காக, ஒரு முறை வகுத்தார்கள். ஒரு நாள் பருந்து, மறுநாள் படகு. முறை மாறி ஒருவர் நாளில் மற்றவர் வாய் திறக்கக் கூடாது.

*

வியாழக்கிழமை பருந்தின் நாள். ஞானசெல்வி அழுத்தினாள். கண் இமைப்பதற்குள் பக்கம் வந்து நின்றது.

"இதென்ன, தயவுசெய்துன்னு ஒரு வார்த்தை இல்ல?" என்று கீழத்தெருவிலிருந்து, வாய் திறக்காமலே, முணுமுணுப்பு எழுந்தது. "வளப்பு சரியில்ல."

பதினான்கு வரி விண்ணப்பம். ஊர் பெயர், கோயில் பெயர், நாள், கிழமை எல்லாம் மளமளவென்று நிரம்பியது. ஒன்பதாவது வரியில் ஞானசெல்வியின் விரல் நின்றது. 'முதல் பரிவட்டம் பெறுபவர்.' அதை விட்டுவிட்டுக் கடைசிக்குப் போனாள். அங்கே ஒரு சின்னக் கட்டம். பக்கத்தில், 'நான் ரோபோ அல்ல.'

"எழுத்துல கேக்கிறாங்க," என்றார் தளவாய். "எழுத்துல கேட்டா சத்தியம் பண்ணிட்டுத்தான் பதில் சொல்லணும்."

விண்ணப்பத்தில் விழாக்குழுவினர் இருபத்திரண்டு பேர் பெயர் இருந்தது. இருபத்திரண்டு பேரும் குளித்து ஈர வேட்டியோடு கோயிலுக்குப் போய், ஒவ்வொருவராகக் கற்பூரம் அணைத்து, தாங்கள் ரோபோ அல்ல என்று அம்மன்மேல் ஆணையிட்டார்கள். பதினேழாவதாக நின்ற ஒருவர் மட்டும் தயங்கினார். "எங்கப்பா கொஞ்சம் வெளியூர்ல எல்லாம் இருந்தாரு, உறுதியாச் சொல்ல முடியல," என்றார். அவர் பெயரை அடித்துவிட்டார்கள். திரும்பி வந்து கட்டத்தில் குறி போட்டபோது நூலகம் மூடும் நேரமாகிவிட்டது.

ஒன்பதாவது வரி காலியாக இருந்ததால் பக்கம் அனுப்ப மறுத்தது. மறுத்ததோடு, 'விண்ணப்பம் முடியும்வரை இந்தப் பக்கத்தை விட்டு வெளியேற வேண்டாம்' என்றும் சொன்னது.

மற்றவர்கள் போய்விட்டார்கள். தளவாய் போகவில்லை. வெளியேற வேண்டாம் என்று எழுத்தில் இருக்கிறதே. நாற்காலியைத் திரைக்கு முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு அதே பக்கத்தில் இருந்தார். சாப்பாடு அங்கேயே வந்தது.

*

வெள்ளிக்கிழமை படகின் நாள்.

இசக்கியப்பன் புது வேட்டி கட்டி வந்தார். தளவாயை நாற்காலியோடு நகர்த்தி வைத்துவிட்டுப் படகைத் திறந்தார்கள். திரை வெளுத்தது. வட்டம் சுற்றியது. 'தயவுசெய்து காத்திருக்கவும்.' கீழத்தெருக்காரர்கள் கைதட்டிவிட்டுக் காத்திருந்தார்கள்.

பத்து மணி. பன்னிரண்டு. இரண்டு. மேலத்தெருக்காரர்கள் வாய் திறக்கவில்லை, அது முறை. ஒரு வரி தவிர நிரம்பிய விண்ணப்பம் பருந்துக்குள் அப்படியே காத்துக்கிடந்தது. அதைத் தொடக் கூடாது, அதுவும் முறை.

நான்கரை மணிக்கு உச்சிமாகாளி நூலகத்தின் தரையில் படுத்து உருண்டான். "ஒரு வரிதான மாமா! ஒரே வரி! அந்தப் புள்ள அத்தை மகனைக் கட்டிக்கிடும் மாமா!"

"அழாதலே. முறைன்னு ஒண்ணு இருக்கு."

அப்போதுதான், வேதனை மனுஷனுக்கு மூளையைக் கொடுக்கும் என்பார்களே, உச்சிமாகாளிக்கு ஒன்று தோன்றியது. எழுந்து உட்கார்ந்தான்.

"மாமா, இன்னிக்கு மரியாதை படகுக்குத்தான?"

"ஆமா."

"அது அப்படியே இருக்கட்டும். படகு பெரிசா முன்னால நிக்கட்டும். ஒரு மூலையில, கண்ணுக்குத் தெரியாத அளவுல, பருந்து வேலையை மட்டும் பாத்துட்டுப் போகட்டும். மரியாதை படகுக்கு, வேலை பருந்துக்கு."

இரண்டு தெருவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டன. இது ஏன் முதலிலேயே தோன்றவில்லை? ஊரில் வேலி அடைப்பதிலிருந்து வாய்க்கால் வெட்டுவதுவரை எல்லாமே காலங்காலமாக இப்படித்தானே நடக்கிறது! ஒருவர் குடைபிடித்து நிற்பார், இன்னொருவர் வெட்டுவார். எல்லோருக்கும் சம்மதம்.

ஞானசெல்வி படகைத் திரை முழுக்கப் பரப்பி, மூலையில் நாலு விரல் அகலத்துக்குப் பருந்தை வைத்தாள். மணி நான்கு ஐம்பது.

"ஒன்பதாவது வரி. முதல் பரிவட்டம் யாருக்கு, சொல்லுங்க," என்று சத்தமாகக் கேட்டாள்.

அந்தச் சத்தம் இசக்கியப்பன் காதிலும் தளவாய் காதிலும் ஏறவில்லை. நாலு விரல் அகலம் என்று சொல்லிவிட்டு அஞ்சு விரல் வைத்திருக்கிறாள் என்று அளந்துகொண்டிருந்தார் இசக்கியப்பன்.

"முன்னால நிக்கறது யாரு? படகு!"

"பக்கத்தைத் தொறந்தது யாரு? பருந்து!"

"படகு!"

"பருந்து!"

"படகு!"

ஞானசெல்வி 'யாரு' என்ற கேள்விகளை விட்டுவிட்டு, பதிலாகக் காதில் விழுந்ததை அடித்தாள். கட்டம் நிரம்பி, இதற்கு மேல் இடமில்லை என்றதும் நிறுத்தினாள். நான்கு ஐம்பத்தெட்டுக்கு அனுப்பினாள்.

பத்து நாளில் அனுமதி ஆணை வந்தது. முத்திரையோடு, கையெழுத்தோடு. ஒன்பதாவது வரியில் இருந்தது: 'முதல் பரிவட்டம் பெறுபவர்: படகு பருந்து படகு பருந்து பட.'

இசக்கியப்பன் அதை மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

"அரசாங்கமே சொல்லிட்டுது," என்றார் தளவாய். "நாம என்ன செய்ய முடியும்?"

"அது சரி வே. படகு தெரியும், பருந்து தெரியும். கடைசியில நிக்கிற 'பட' யாரு?"

வெகுநேரம் யோசித்தார்கள். "நம்ம ஊர்க்காரன் இல்ல," என்று முடிவு செய்தார்கள். வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று பந்தியில் ஒரு இலை கூடுதலாகப் போடச் சொன்னார்கள்.

*

ஆடிச் செவ்வாய். பதினோரு வருஷத்துக்குப் பிறகு மேளம் கேட்டது.

கம்ப்யூட்டரை ஒரு பெஞ்சில் வைத்து, மாலை போட்டு, நான்கு பேர் சுமந்து கோயிலுக்குக் கொண்டுவந்தார்கள். கூடவே யுபிஎஸ் பெட்டியையும் ஒருவர் இடுப்பில் வைத்துச் சுமந்தார். மின்சாரம் இல்லாததால் அது விடாமல் 'கீச், கீச்' என்று கத்தியது. சாமி வந்துவிட்டது என்று வழியில் இரண்டு பெண்கள் கும்பிட்டார்கள்.

கோயில் வாசலில் ஒரு பக்கம் சலூன் மாரிக்கனி கத்தியோடு உட்கார்ந்திருந்தார். எதிரே உச்சிமாகாளி. பதினோரு வருஷத்துக்கு முன்னால் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார் மாரிக்கனி: "ஆரம்பிக்கட்டா தம்பி?"

பத்தடி தள்ளிப் பாயில் தங்கபுஷ்பமும் அவள் அம்மாவும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மேளம் உச்சத்துக்குப் போனது. மாரிக்கனி நல்ல காரியம் என்று வலது பக்கமாகத் தொடங்கினார். தலையின் வலது பாதி, வலது மீசை, வலது தாடி. முடி கொத்துக் கொத்தாக விழ, உள்ளிருந்து ஒரு காது வெளியே வந்தது. பிறகு ஒரு கன்னம்.

"கன்னம் இருக்கும்மா," என்றாள் தங்கபுஷ்பம்.

"மெதுவாப் பேசு."

"குழியும் விழுது."

அந்த நேரத்தில் பூசாரி, கோணிய கழுத்தோடு, பதினாறு முழத் துணியைத் தூக்கிக்கொண்டு கம்ப்யூட்டரை நெருங்கினார். துணி திரையைத் தொடுவதற்கு ஒரு சாண் தூரம். திரையில் எழுத்து வந்தது.

'நான் இப்போது உங்கள் முதன்மை பிரவுசராக இல்லை. மீண்டும் ஆக்குகிறீர்களா?'

"அம்மன் சன்னதியில கேக்கு!" என்று அலறிய இசக்கியப்பன் பாய்ந்து "ஆம்" என்பதை அழுத்தினார். தளவாய் மவுஸைப் பிடுங்கிப் பருந்தைத் திறந்தார். 'என்னை உங்கள் முதன்மை பிரவுசராக ஏற்றுக்கொள்கிறீர்களா?' "ஆம்!" படகு கேட்டது. "ஆம்!" பருந்து கேட்டது. "ஆம்!" பூசாரி துணியோடு இந்தப் பக்கம் திரும்பினார், அந்தப் பக்கம் திரும்பினார், இந்தப் பக்கம் திரும்பினார். 'மடக்' என்று ஒரு சத்தம். மேலத்தெருவைப் பார்த்திருந்த கழுத்து நேராகிவிட்டது. அந்தக் கொடையால் ஊருக்குக் கிடைத்த நன்மை அது ஒன்றுதான்.

யுபிஎஸ் நீளமாக ஒருமுறை கத்திவிட்டு ஓய்ந்தது. திரை கறுத்தது. மேளக்காரர்கள் எதை நம்பி அடிப்பது என்று தெரியாமல் நிறுத்தினார்கள். கொடை நின்றது.

மாரிக்கனி கத்தியை எடுத்துவிட்டார்.

"அண்ணே, இன்னும் பாதி இருக்கு!" என்று உச்சிமாகாளி கத்தினான்.

"இருக்கு தம்பி. ஆனா கொடை நடந்தாத்தான் கத்தி படும்னு நீதான சொன்ன? கொடை நின்னுட்டுல்லா."

ஊர் கூடிப் பேசியது. இசக்கியப்பனும் தளவாயும் அன்றைக்கு முதல்முறையாக ஒத்துப்போனார்கள். கொடை பாதி நடந்திருக்கிறது, முடி பாதி இறங்கியிருக்கிறது. வாக்கு ஒரு குன்றிமணிகூடப் பிசகவில்லை. இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது?

உச்சிமாகாளி தலையைக் குனிந்துகொண்டு தங்கபுஷ்பத்தின் முன்னால் வந்து நின்றான். வலது பக்கம் பளபளவென்று ஒரு மாப்பிள்ளை. இடது பக்கம் பழைய சாமியார்.

அவள் எழுந்து அவனை ஒரு சுற்று சுற்றிவந்தாள். "பாதி நல்லா இருக்கு," என்றாள். "மீதியும் இதே மாதிரிதான் இருக்கும்னு நம்பிக் கட்டிக்கிறேன்."

முக்கால்குறிச்சிக்கு வாழ வர எல்லாத் தகுதியும் உள்ள பெண் என்று அப்போதே ஊருக்குத் தெரிந்துவிட்டது.

ஆவணியில் கல்யாணம். மணவறையில் தங்கபுஷ்பம் மாப்பிள்ளைக்கு வலது பக்கம் உட்கார்ந்தாள், குழி விழும் கன்னத்தைப் பார்த்துக்கொண்டு. தாலி ஏறியது. வழக்கப்படி, தாலி கட்டிய பிறகு பெண் இடது பக்கம் மாறி உட்கார வேண்டும்.

மாறி உட்கார்ந்தாள். தாடி வந்தது.

"நான் பாத்துச் சம்மதிச்சது அந்தப் பக்கத்தை," என்றாள் தங்கபுஷ்பம். "இந்த ஆளை எனக்குத் தெரியாது."

முகூர்த்தம் முடிவதற்குள் ஒரு வழி காண வேண்டும். "பொண்ணு பழையபடி அங்க இருக்கட்டும், மாப்பிள்ளை திரும்பி உக்காரட்டும்," என்றார் தளவாய். அவள் பழைய இடத்துக்குப் போனாள், உச்சிமாகாளி கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பினான். தாடியும் அவனோடு திரும்பி அவள் பக்கம் வந்தது. மணவறையையே திருப்பிப் பார்த்தார்கள், அப்போதும் வந்தது. விசுவாசமான தாடி.

"ஆள் அப்படியே இருக்கட்டும்," என்றார் கடைசியாக இசக்கியப்பன். "பொண்ணு முறைப்படி இடது பக்கம் வரட்டும். ஏலே உச்சி, நீ கழுத்தை மட்டும் அவ பக்கம் திருப்பு. அந்தக் கன்னம் தெரியணும். இன்னும் திருப்பு. இன்னும் கொஞ்சம். தெரியற வரைக்கும் திருப்புலே!"

'மடக்.'

பூசாரிக்குப் பழக்கமான சத்தம். அவர்தான் முதலில் எழுந்து நின்றார்.

கழுத்து திரும்பியது திரும்பியபடியே நின்றுவிட்டது. தைலம் போட்டார்கள், வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார்கள், அசையவில்லை. சாப்பிட உட்கார்ந்தாலும் சரி, தெருவில் நடந்தாலும் சரி, உச்சிமாகாளியின் முகம் இடது பக்கத்தில் வரும் தங்கபுஷ்பத்தை விட்டு அகலவில்லை. அவளுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. "கல்யாணமாகி இத்தனை நாளாச்சு, இன்னமும் என்னையே பாத்துக்கிட்டு இருக்காரு," என்று தன் அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

ஊர்தான் விடவில்லை. கழுத்துச் சுளுக்குக்கு அவர்களுக்குத் தெரிந்த மருந்து ஒன்றே ஒன்று. இன்னொரு கொடை நடத்தி, பரிவட்டத்தோடு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திரும்ப வைத்தால் நேராகிவிடும். பூசாரியே சாட்சி. அப்படியே மீதி முடியையும் எடுத்துவிடலாம்.

எல்லோரும் நூலகத்துக்குப் போனார்கள். அன்றைக்குப் படகின் முறை. ஞானசெல்வி அழுத்தினாள்.

கழுத்து திரும்பியிருந்ததால் உச்சிமாகாளிக்குத் திரை தெரியவில்லை. "என்ன சொல்லுது மாமா?" என்றான்.

"காத்திருக்கச் சொல்லுதுலே."

"தயவுசெய்துன்னு சொல்லிச்சா?"

"சொல்லிச்சு."

"அப்பச் சரி," என்று சொல்லிவிட்டு உச்சிமாகாளி உட்கார்ந்தான்.